முகம் பார்த்தே சொல்லிவிடுவார்

பொதுமக்களுக்கு ஓர் அதிமுக்கிய அறிவிப்பு: கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை அடுத்த ஒரு தனியார் மனநல இல்லத்தில், நோயாளிகளின் சார்பில் பேச, நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத பிரதிநிதி ஒருவர் மேலிடத்து உத்தரவுப்படி இன்று பொறுப்பேற்கிறார்.

"பிரதிநிதி எதுக்குங்க? இங்கே எல்லாரும் என் குழந்தைங்க. முகத்தைப் பார்த்தே மனசைச் சொல்லிடுவேன்" என்று வரவேற்பு பேனர் கட்ட வந்தவர்களிடம்கூடச் சொல்லிவிட்டு, நிர்வாகி ஜனார்தனன் தன் அறையில் வந்து உட்கார்ந்தார்.

இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். ஒருத்தி நாற்காலியில் அமர்ந்தாள். மற்றவள் மேஜையைத் தட்டிக் கத்தினாள்.

"டாக்டரே ஊட்டுக்கு அனுப்பலாம்னு சொல்லிட்டாரு. இன்னும் எதுக்கு சார் பூட்டி வெச்சிக்கினு இருக்கீங்க? ஊத்துக்கோட்டைல கொயந்த, அம்மா எங்கன்னு கேட்டு அழுதுக்கினு கீது!"

"கொஞ்சம் அமைதியா இரும்மா."

"இன்னா அமைதி? ஆள அடைச்சி வெச்சா கோவம் வராதா?"

ஜனார்தனன் நாற்காலியில் இருந்தவளிடம் பரிவோடு திரும்பினார். "பாத்தீங்களா மேடம்? கண்ணு சிவந்துடுச்சு, கை நடுங்குது. இந்த நிலைமைல எப்படி வெளியே அனுப்புறது? பிரதிநிதி நீங்களே சொல்லுங்க."

"பிரதிநிதி நான் சார்" என்றாள் கத்தியவள். "பேரு கல்பனா. நீங்க மேடம்னு கூப்டது ஸ்ரீவாணிய. ஒரு வருஷமா உங்க வார்டுல கீறாங்க."

ஜனார்தனன் ஸ்ரீவாணியை முதன்முறையாக உற்றுப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போகணும் சார்" என்றாள் அவள், மெதுவாக.

"இவ்வளவு அமைதியா இருக்காங்களே, இது கோபத்தைவிட மோசமான அறிகுறி" என்றார் அவர்.

அன்று முதல் ஸ்ரீவாணிக்கு மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள்.