சாம்பல் நிறச் செய்திகள்

"பரமசிவம்னு ஒருத்தரு, ஷிப்யார்டுல மயங்கி விழுந்து ஐசியூல இருக்காரு நிவே. நம்ம ஆப்ல முன்னாடியே ஏதாச்சும் ரிப்போர்ட் பண்ணியிருக்காரான்னு பாரு. பண்ணலன்னா நம்ம மேல தப்பு இல்ல லா."

சந்திரமதி அக்கா போனை வைத்துவிட்டார்.

காலை பதினொரு மணி. ஜாலான் புசாரில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் ஹார்டுவேர் கடையில் யாரோ இரும்புக் குழாயை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

தேடினேன்.

பண்ணியிருந்தார். நான்கு நாட்களுக்கு முன், காலை 5.40 மணிக்கு.

'நல்லா இருக்கேன் மேடம். ரெண்டு நாளா நெஞ்சு வலி, இடது கை மரத்துப் போகுது. மத்தபடி ஒண்ணும் இல்ல.'

மறுநாளும், அதற்கு மறுநாளும் கிட்டத்தட்ட அதையே அனுப்பியிருந்தார். மூன்றுமே சின்ன எழுத்தில், சாம்பல் நிறத்தில் இருந்தன.

அந்த நிறத்தைக் கொடுத்தவள் நான்.

ஊரைவிட்டு இங்கே வேலைக்கு வந்து தொழிலாளர் விடுதிகளில் இருப்பவர்கள் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எங்கள் ஆப்பில் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். உட்லண்ட்ஸில் நர்ஸாக இருக்கும் அக்கா அவற்றைத் தன் போனில் பார்ப்பார். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் செய்திகள். மனுஷியால் அத்தனையும் படிக்க முடியாது. எதைப் படிக்க வேண்டும் என்று நிறத்தால் காட்டுவது என் வேலை.

அதற்குத்தான் ரீஜெக்ஸ். இன்ன சொல் வந்தால் இன்ன நிறம் என்று ஒற்றை வரியில் எழுதிவைக்கும் தேடல் விதி. வலி, காய்ச்சல், மயக்கம், ரத்தம், இவற்றில் ஒன்று வந்தால் தடித்த சிவப்பு.

முதல் வாரமே சொதப்பியது. 'காய்ச்சல் இல்ல, வலி இல்ல' என்றுதானே நம் ஆட்கள் எழுதுகிறார்கள்? இல்லாத வலியெல்லாம் சிவந்து நின்றது. எல்லாமே சிவப்பாக இருந்தால் எதைத்தான் பார்ப்பது என்று அக்கா என்னைப் பிடித்துக் கத்தினார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஒவ்வொரு 'இல்ல'வையும் தனித்தனியாகப் பிடிக்க எனக்குச் சோம்பல். கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தேன்: 'நல்லா இருக்கேன்' என்று தொடங்கினால் செய்தி முழுவதும் சாம்பல்.

நல்லாருக்கேன், நல்லா இருக்கிறேன், ஆங்கில எழுத்தில் அடித்தது, எப்படி வந்தாலும் தப்பாமல் பிடிக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது. கடைசி வரி என்பதால் மேலே உள்ள சிவப்பையெல்லாம் அது மூடிவிடும்.

இப்போதுதான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று அக்கா ஃபேரர் பார்க்கில் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். மறுக்காமல் தின்றேன்.

தமிழ் தெரியாத யாராவது இதை எழுதியிருந்தால் மன்னிக்கலாம். நான் திருவாரூர்க்காரி. நல்லா இருக்கேன் என்று ஆரம்பிக்காமல் நம்மில் யார் எந்தக் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறோம்? போன வருஷம் டெங்குவில் கிடந்தபோது அம்மாவிடம் நானே அப்படித்தான் ஆரம்பித்தேன்.

அந்த வரியின் மேல் கர்சரை வைத்தேன்.

நிறம் எங்கேயும் பதிவாவதில்லை. செய்தியைத் திறக்கும்போதுதான் பூசப்படுகிறது. இந்த வரியை அழித்துவிட்டால் பரமசிவத்தின் செய்தி என்றைக்கும் சிவப்பாகவே இருந்தது போலக் காட்டும். நிரலின் பழைய பிரதியைத் தோண்டினால் தெரியும்தான். ஆனால் யார் தோண்டப் போகிறார்கள்?

அப்போது, சிவப்பைப் பார்த்தும் விட்டவர் அக்கா ஆகிவிடுவார்.

பயமாக இருந்தது. அந்த நினைப்பு வந்ததே வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் குழாய் அறுபடும் சத்தம் நிற்கும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அழித்தேன்.

அந்த இடத்தில், அன்றைக்குச் சோம்பல்பட்டு விட்ட வரியை எழுதினேன்: வலி, ரத்தம் மாதிரிச் சொல்லை ஒட்டி அடுத்த சொல்லே 'இல்ல' என்று வந்தால் விட்டுவிடு, வராவிட்டால் சிவப்பு. ஐந்து நிமிடம்தான் ஆனது.

திரை புதுப்பித்துக்கொண்டது. பரமசிவத்தின் மூன்று செய்திகளும் சிவந்தன.

அதோடு நிற்கவில்லை. அதற்கு மேலே ஒன்று சிவந்தது. கீழே இரண்டு. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. இரண்டு மாதங்களில் முப்பத்தொன்று. எல்லாமே 'நல்லா இருக்கேன் மேடம்' என்றுதான் தொடங்கின.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது இன்று காலை 5.52-க்கு வந்தது. கதிரேசன், துவாஸில் கட்டுமான வேலை.

'நல்லா இருக்கேன் மேடம். ராத்திரி ரெண்டு தடவ ரத்தமா வாந்தி. இப்ப பரவால்ல. லாரி ஏறிட்டேன்.'

அக்காவுக்கு ஒரு செய்தி தட்டினேன். 'பண்ணியிருக்காரு அக்கா. நான்தான் அத சாம்பலா மாத்தி வச்சிருந்தேன். தப்பு என்னோடது. இன்னொருத்தர் இருக்காரு, அவரப் பாத்துட்டு வரேன்.'

பதிலுக்குக் காத்திருக்காமல் கதிரேசனின் எண்ணை அழுத்தினேன். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. ஆப்பிலிருந்து பேசுகிறேன், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லா இருக்கேன் மேடம்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அடுத்து அவர் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தேன்.