அலைக் காட்சி எடுத்த ஆள்

ஆவணப்படம் முடிந்து வெள்ளவத்தை மண்டபத்தில் விளக்குகள் எரிகின்றன. கடலோரத்தால் ரயில் போக, மேசையிலுள்ள தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுக்கின்றன. "கமராவுக்கு ரெண்டு பேர் போட்டிருக்கு. அந்த அலைக் காட்சி ஆர் எடுத்தது? அடுத்த படத்துக்கு அந்த ஆள் எனக்கு வேணும்," என்கிறார் தயாரிப்பாளர் நமசிவாயம். "நான்தான் சேர்," என்று அந்த இருவரில் ஒருவனான தேனுஜனின் வாயிலிருந்து வந்துவிடுகிறது. உண்மையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை எடுத்தவள் மற்றவளான ரூபிகா. அவளுடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவன் அவன். பக்கத்தில் வயர் சுருட்டிக்கொண்டிருக்கும் அவள் நிமிர்கிறாள். "ஓம் சேர், இவன்தான் தண்ணிக்குள்ள இறங்கினவன். நான் செருப்புக் காவல்," என்று சிரிக்கிறாள். நமசிவாயம் நீட்டும் கையைத் தேனுஜன் பிடித்துக் குலுக்குகிறான். அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறாள். அவனுக்குத்தான் அவள் பக்கம் முகம் திரும்பவில்லை.