முந்தி இறங்கிய பெடல்

போதகர் ஆசீர்வாதத்தின் சைக்கிளில் இரண்டு பெடல்கள் இருந்தன. வலது பெடல் அண்ணன், இடது பெடல் தங்கை.

அண்ணன் மேலே வரும்போதெல்லாம், "நம்ம ரெண்டு பேருக்கும் நான்தான் தலை..." என்று ஆரம்பிப்பான். முடிப்பதற்குள் கீழே போய்விடுவான். மேலே வந்த தங்கை, "என்னண்ணே, காதுல விழல!" என்று சிரிப்பாள்.

ஒரு கல்யாண நாளில், சபைக் கோயிலுக்குப் போகும் மேட்டில், அண்ணன் உச்சியிலேயே விறைத்துக்கொண்டான்.

"தலைவன் இறங்கமாட்டான்!"

சைக்கிள் நின்றுவிட்டது. தங்கை மழைச்சேற்றில் முங்கிக் கிடந்தாள். கோயிலில் பெண்ணும் மாப்பிள்ளையும் காத்திருந்தார்கள்.

போதகர் இறங்கினார். வெள்ளை அங்கியோடு சேற்றில் முழங்கால் போட்டு, தங்கையைக் கைக்குட்டையால் துடைத்தார்.

சபைக்கே தலைவர் தரையில் இருப்பதைப் பார்த்து அண்ணனுக்கு வெட்கமாகிவிட்டது. போதகர் ஏறியதும், "தங்கச்சி, நீ மேலே போ" என்று சர்ரென்று இறங்கினான்.

"அடுத்து நான் இறங்குறேன்!" என்றாள் அவள்.

"இல்ல, நான்!"

"நான்தாண்ணே!"

யார் முந்தி இறங்குவது என்ற போட்டியில் சைக்கிள் மேட்டைத் தாண்டிப் பறந்தது. "கர்த்தாவே! மெதுவா!" என்று அலறிக்கொண்டே போதகர், சைக்கிளை விட்டு இறங்காமலே கோயிலுக்குள் நுழைந்தார்.