சுவரைப் பார்த்த கடைக்காரன்

அந்தப் பகுதியில் வங்கி கிடையாது. போனில் பணம் போட்டுவைக்க அவன் கடை ஒன்றுதான்.

தையல் கூலியை அவள் நீட்டினாள். அவன் வாங்கி அவள் கணக்கில் ஏற்றினான்.

"மொத்தம் எவ்வளவுன்னு பாக்கணும். ரகசிய எண் போடப்போறேன், சுவரைப் பாருங்க."

திரும்பிக்கொண்டான். வாராவாரம் இதே கூத்து. எவ்வளவுதான் சேர்ந்திருக்கும்? அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"புருஷன்கிட்டகூடவா மறைக்கணும்?"

"சொன்னா, கூட்டாளி கண்ணைக் கசக்கினான்னு மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்துடுவாரு. பெரியவளோட பரீட்சை ஃபீஸ் அப்படித்தானே போச்சு."

கடைக்காரன் சுவரிலேயே கண்ணை வைத்திருந்தான். காது மடல் சுட்டது.

அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

"இதுல வந்த கமிஷன்ல பால் வாங்கிட்டு, நேரத்தோட வீட்டுக்கு வாங்க. நீங்க வராம சின்னவ தூங்க மாட்டேங்குறா."