மஞ்சள் கோட்டு

மலைக்குப் பின்னாலிருந்து வெயில் இப்போதுதான் விரிகுடாவுக்குள் இறங்குகிறது. கரையில் புனித நிக்கோலாஸ் கோயில் மணி அடித்து ஓய்கிறது. வட்ட வலைக்கூண்டின் விளிம்பில் மண்டியிட்டிருக்கிறாள் எவ்தோகியா, வளர்ப்பு மீன்களின் நலனை ஆராய்கிறவள். மூன்று நாளாகக் கொடுவா மீன்கள் தீனி தின்ன மேலே வரவில்லை. தண்ணீர் சுத்தம், செவுளிலும் குறையில்லை. இன்றும் வராவிட்டால் பாதி வளர்ந்த மீன்களைப் பிடித்துக் கூண்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார் முதலாளி. தீனி போடும் லெஃப்தேரிஸ் வாளியோடு நிற்கிறார். அவள் பார்வை தண்ணீரை விட்டு அவர் மேல் திரும்புகிறது. "அண்ணே, உங்க பழைய நீலக் கோட்டு எங்க?" "கிழிஞ்சு போச்சு டாக்டரம்மா. போன வாரம் மஞ்சக் கோட்டு போட்டுக்கிட்டு மீனுக்கு ஊசி போட வந்தவங்க இதை விட்டுட்டுப் போனாங்க. சும்மாதானே கிடக்குன்னு மூணு நாளா மாட்டிக்கிறேன்."

அவள் சட்டென்று தன் நீலக் கோட்டைக் கழற்றி நீட்டுகிறாள். குளிரில் பற்கள் தந்தியடிக்கின்றன. அவருக்கு அதன் கை முழங்கையோடு நின்றுவிடுகிறது. ஒரு பிடி தீனி வீசுகிறார். தண்ணீர் கொதிக்கிறது, வெள்ளி முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்று புரள்கின்றன. "வந்துட்டானுங்க!" "இருங்கண்ணே, இன்னும் உறுதியாகல." அவர் கழற்றி வைத்த மஞ்சள் கோட்டை அவள் மாட்டிக்கொள்கிறாள். "ஐயோ, சாப்பிடட்டும் விடும்மா, பாவம்!" அவள் கூண்டின் மேல் குனிந்த நொடியில் தண்ணீர் வெறிச்சோடுகிறது, தீனி மட்டும் அலையில் ஆடுகிறது. நனைந்த குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரிக்கிறாள். தன்னைக் கண்டு மீனெல்லாம் ஓடிப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்படும் ஒருத்தியை லெஃப்தேரிஸ் இன்றுதான் பார்க்கிறார்.