வீடு பார்க்க வந்தவர்

"சார், பெருமைக்காகச் சொல்லல. எங்க வீட்டுக் கடனுக்காக ஒரு பேய் மாடி ஏறி வந்து, சுத்திப் பார்த்துட்டு, ‘நல்ல குடும்பம்’னு வாயாரச் சொல்லிட்டுப் போயிருக்கு. உலகத்துல வேற யாருக்காவது இந்த மரியாதை நடந்திருக்கா சார்?"

லிஃப்ட் மெக்கானிக் இப்படி ஆரம்பித்ததும், எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது அவர் மனைவிக்கு. மனுஷன் வாயைத் திறந்தால் மூன்று மாடிக் கட்டடம் முப்பது மாடியாகிவிடும். அது ஊரறிந்த சங்கதி. ஆனால் பாழாய்ப்போன இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது பொய்யில்லையே!

வங்கி மேனேஜரின் அறையில் ஏசி போட்ட போட்டில், மேஜைமேல் ஒரு மீனை வைத்தால் அடுத்த வருஷம் வரை கெடாது. அப்படியும் மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எதிரே இரண்டு நாற்காலிகள். பேச்சு வேகத்தில் ஒன்றில் மெக்கானிக் உட்கார்ந்துவிட்டார். ஓரத்தில் இருந்ததை நோக்கி அவள் போனபோது, "அது வேணாம்மா, கால் ஆடுது" என்று மேனேஜர் தடுத்துவிட்டார். துணிக்கடையில் காலையிலிருந்து நின்று மரத்துப்போன கால்கள் இங்கேயும் நின்றன.

"ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடுங்க சார், கண் மூடித் திறக்கிறதுக்குள்ள சரி பண்ணிடறேன்" என்று மெக்கானிக் அந்தப் பக்கம் குனிந்தார்.

"தொடாதீங்க!" மேனேஜர் போட்ட சத்தத்தில் தெருமுனையில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

சொந்த வீடு என்று அவர்கள் ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை. கடன் கேட்டு அவர்கள் ஏறாத வங்கிப் படி இல்லை. மெக்கானிக்குக்குக் கூப்பிட்ட இடத்தில்தான் வேலை. மாதச் சம்பளம் கிடையாது என்று எல்லோரும் கையை விரித்தார்கள். இந்த வங்கி மட்டும், இப்போது குடியிருக்கும் வீட்டுக்குத் தங்கள் ஆள் வந்து பார்த்துச் சரி என்றால் கடன் தருவதாகச் சொன்னது. பாவம், அந்த ஆள் வந்தபோதெல்லாம் இருவரும் வேலைக்குப் போயிருக்க, கதவில் பூட்டுத் தொங்கியது.

இன்று மாலைக்குள் கடன் கிடைக்காவிட்டால், வீட்டை விற்பவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

"உங்க ஆள் கடைசியா போன்ல பேசினப்போ, ‘கவலைப்படாதீங்கம்மா, கையில எடுத்த ஃபைலை நான் பாக்கி வச்சதே இல்ல, எப்படியும் வந்துடுவேன்’னு சொன்னார் சார்" என்றாள் அவள். "சொன்ன மாதிரியே ஞாயித்துக்கிழமை வந்தார். இப்ப உள்ள நுழையறப்பதான் உங்க வாட்ச்மேன் சொல்றார், அவர் போய்ச் சேர்ந்து ஒரு மாசமாச்சுன்னு..."



மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். பாதிச் சிரிப்புதான் வந்தது. "எவனோ ஏமாத்துக்காரன் வந்திருக்கான்மா. செத்தவர் வந்து பார்த்தார்னு நான் மேலிடத்துக்கு எழுதினா, என்னை ஆஸ்பத்திரியில சேர்த்துடுவாங்க. எனக்குப் பேய் பிசாசுல எல்லாம் நம்பிக்கையே இல்ல."

"எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார் சார்" என்றாள் அவள் விடாமல். "எங்களைப் பத்தி விசாரிக்கத்தான். அந்தம்மா வெளிய வந்து, ‘யாரும்மா தட்டினது?’ன்னு என்கிட்ட கேட்டாங்க. உங்க ஆள் அவங்க மூக்குக்கு நேரா நிக்கிறார். அவங்க கண்ணாடி போடாம வந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

மேனேஜர் மறுபடி கைக்குட்டையை எடுத்தார்.

"அப்புறம் பாத்ரூமுக்குப் போய் டூத் பிரஷ்ஷை எண்ணினார்."

நெற்றிக்குப் போன கைக்குட்டை அங்கேயே நின்றது. "என்னது?"

"வீட்ல நிஜமா எத்தனை பேர் இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கவாம். ‘வாய் பொய் சொல்லும்மா...’ன்னு ஆரம்பிச்சார்."

"...பிரஷ் சொல்லாது" என்று முடித்தவர் மேனேஜர். முடித்துவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"மூணு பிரஷ் இருக்கே, மூணாவது ஆள் எங்கன்னு என்னைக் குடைஞ்சு எடுத்துட்டார் சார்!" மெக்கானிக்குக்குக் குஷி தாங்கவில்லை. "அது நான் பைக் செயின் தேய்க்கிறது. எண்ணெய்ப் பிசுக்கை மோந்து பார்த்த பிறகுதான் விட்டார். உசுரோட இருக்கிறவன்கூட இவ்வளவு சுத்தமா வேலை பார்க்க மாட்டான்!"

"ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று அவள் அவர் தோளில் கிள்ளினாள்.

"நான் நம்பல" என்றார் மேனேஜர். யாரோ எதிர்வாதம் செய்வதுபோல இன்னொரு தடவை, "நம்ப மாட்டேன்" என்றார். அவர் கை மட்டும் பேச்சுக்குக் கட்டுப்படாமல் ஃபைலை இழுத்தது. போட்ட கையெழுத்தைப் பார்த்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

"கடன் கொடுத்தாச்சு. போய் வீடு விக்கிறவர்கிட்ட சொல்லுங்க."

இத்தனை நாள் அவளைத் தாங்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று சட்டென்று அவிழ்ந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால் ஆடினால் ஆடட்டும் என்று அந்த ஓரத்து நாற்காலியைப் பிடித்து இழுத்தாள்.

ஆடவில்லை. அசையவும் இல்லை.

மேனேஜர் பாதி எழுந்து கிசுகிசுத்தார்:

"வேணாம்மா... அவர் இன்னும் எழுந்திருக்கல."