கம்ப்யூட்டருக்குத் தெளித்த தண்ணீர்

"கம்ப்யூட்டருக்குப் போய் யாராவது தண்ணி தெளிப்பாங்களா?"

உலு திராம் ஊரில் இருந்த வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பிரேமலாவிடம் கேட்ட கேள்வி இதுதான். கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிரேமலாவும் கூடவே சிரித்து வைத்தாள். வேறு என்ன செய்வாள்? தப்பு அவளுடையதாயிற்றே.

ஆயுத பூசையன்று நடந்தது அது. கணவன் ரூபேந்திரன் வழக்கம்போல விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் உழைக்கிற சாமான் ஒன்றையும் பிரேமலா விடவில்லை. மிக்சி, தையல் மெஷின், வாசலில் நிற்கும் கார், கடைசியாக அவன் கேம் விளையாடும் கம்ப்யூட்டர். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாவிலையால் நாலு சொட்டுத் தெளித்து, சூடம் காட்டினாள்.

மறுநாள் அவனுக்கு ஓய்வு. அவள் பக்கத்து வீட்டு இன்பராணியின் காரில் தொற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பியபோது, அவன் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"கிராபிக்ஸ் கார்டு போச்சு பிரேமா. மேல இருக்கிற ஓட்டை வழியா தண்ணி இறங்கியிருக்கு."

அவளுக்கு உள்ளே எட்டிப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை.

அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கத்தவில்லை. விடு, தெரியாமல்தானே செய்தாய் என்றான். அந்தப் பெரிய மனசுதான் அவளைக் குத்தியது.

ஏனென்றால் அந்தக் கார்டு அந்த வீட்டில் சாதாரண விஷயம் இல்லை. புதுசாக வந்த கேம்களைப் பழைய கார்டு இழுக்கவில்லை, படம் விக்கி விக்கி வருகிறது என்று மாதக்கணக்கில் அவன் புலம்பியிருந்தான். எந்தக் கார்டு நல்லது, எது மட்டம் என்று யூடியூப்பில் பார்க்காத வீடியோ பாக்கியில்லை. சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பார்ப்பான்.

பிரேமலாவுக்கு வேறொரு கனவு. கூலாய் ஊரில் ஒரு பாலர் பள்ளியில் அவளுக்கு டீச்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். புது வருஷம் பிறந்ததும் வந்துவிடலாம், ஆனால் சொந்தமாகக் கார் ஓட்டி வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. கார் என்னவோ நாள் முழுக்க வாசலில் சும்மாதான் நின்றது. லைசன்ஸ்தான் இல்லை. அது இல்லாததால் அரிசி வாங்குவதற்குக்கூட அவள் அடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

அவன் ஓவர்டைம் செய்து சேர்த்த காசில் இரண்டில் ஒன்றுதான் முடியும். கார்டா, லைசன்ஸா? பேசிப் பேசிக் கடைசியில் ரூபேந்திரனே முடிவு சொன்னான்.

"பழைய கார்டு உயிரோட இருக்கிற வரைக்கும் நான் புதுசு வாங்க மாட்டேன். முதல்ல உன் லைசன்ஸ்."

அன்றைக்கு அவள் தரையில் நடக்கவில்லை. லாபிஸில் இருக்கும் அண்ணன் வேலுவுக்குப் போன் போட்டு, என் வீட்டுக்காரர் மாதிரி யாருக்கு அமையும் என்று பெருமையடித்துக்கொண்டாள்.

இப்போது அந்தக் கார்டுக்கு உயிர் இல்லை. உயிரை எடுத்தவளும் அவள்தான்.

அன்று சாயங்காலமே அவளாகப் போய்ச் சொன்னாள், லைசன்ஸை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் கார்டை வாங்குங்கள் என்று. அப்போ உன் வேலை என்ன ஆகும் என்று அவன் ஒரு தடவை கேட்டான். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

பாலர் பள்ளிக்குப் போன் செய்து, வரமுடியாது என்று அவளே சொன்னாள். அந்த இடத்துக்கு ஒரே வாரத்தில் வேறொருத்தியைப் போட்டுவிட்டார்கள்.

அவனோ நடந்ததைக் கதை மாதிரி எழுதிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். ஆனாலும் நான் அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை என்று முடித்திருந்தான். தங்கமான பிள்ளை என்று அத்தைமார்கள் உருகினார்கள். பிரேமலாவும் அப்படித்தான் நினைத்தாள். கண் கலங்கியபடியே அதற்கு ஒரு கும்பிடும் போட்டுவைத்தாள்.

புதுக் கார்டு வந்தது. பெட்டியைப் பிரித்து மாட்டும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பூரிப்பு. மாட்டி முடித்ததும் பழையதை அவள் கையில் கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னான்.

தன் வேலையைத் தின்ற அந்தச் சனியனை அவள் அப்போதுதான் முதல்முதலாகப் பக்கத்தில் பார்த்தாள். குசினியில், அடுப்புக்கு மேலிருந்த விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள். சின்னக் காற்றாடிகளுக்கு நடுவே ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். விரல் நுனி மஞ்சளானது. மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். தினமும் குழம்புக்குப் போடுகிற மஞ்சள் வாசனைதான்.

குப்பைக்கூடையின் மூடியைத் திறந்தவள் அப்படியே மூடினாள்.

"பிரேமா, இங்க வந்து பாரேன். புல்லுல இருக்கிற பனித்துளிகூட என்னமா தெரியுது."

போய் நின்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் செல்லமாகச் சொன்னான்.

"அடுத்த வருஷமாச்சும் மஞ்சத் தண்ணியோட இந்தப் பக்கம் வந்துடாத லா."

அவள் பழைய கார்டை அவன் கீபோர்டின் மேல் வைத்தாள்.

"போன வருஷம் உங்க வெள்ளைக் கீபோர்டுல மஞ்சக் கறை பட்டுச்சுன்னு ஒரு வாரம் ஏசினீங்க. அதுலேருந்து நான் பூசைக்கு மஞ்சத் தண்ணியே கரைக்கிறதில்லைங்க. அன்னைக்கு நான் தெளிச்சது வெறும் பன்னீரு."